அலைச்சறுக்குப் பண்பாடு

கரையை நோக்கி எழுந்து வரும் அலையின் முகத்தில் பலகை மேல் நின்று சறுக்குவது அலைச்சறுக்கு. அந்த விளையாட்டைச் சுற்றி 1950களிலும் 60களிலும் கலிபோர்னிய இளைஞரிடையே உருவான வாழ்க்கைமுறையே அலைச்சறுக்குப் பண்பாடு. உடை, முடி, பேச்சு, பாட்டு எல்லாம் இதில் அடங்கும். இதன் வரலாற்றில் தமிழகத்துக்கு இரண்டு பங்குகள் உண்டு. முதலில் சென்னைத் துணி அங்கே போனது. விளையாட்டு இங்கே வந்தது வெகுகாலம் கழித்து.

அலைச்சறுக்கின் தாயகம் ஹவாய்த் தீவுகள். அங்கே அரசரும் குடிகளும் அலையேறினார்கள். 1820இல் கிறித்தவ மிஷனரிகள் வந்த பிறகு இது வீண்பொழுது என்று ஒதுக்கப்பட்டுத் தேய்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மீண்டும் தலையெடுத்தது. 1907இல் ஜார்ஜ் ஃபிரீத் கலிபோர்னியாவின் ரெடோண்டோ கடற்கரையில் இதை ஊரறியச் செய்துகாட்டினார். 1912 ஒலிம்பிக் நீச்சலில் தங்கம் வென்ற ட்யூக் கஹானமோக்கு உலகெங்கும் கொண்டுபோனார்.

முழுமரத்தில் செதுக்கிய பழைய பலகையைத் தூக்கவே பலசாலி வேண்டும். 1950களின் பிற்பகுதியில் ஹோபி ஆல்டரும் கோர்டன் கிளார்க்கும் பாலியூரித்தேன் நுரையில் பலகை வார்க்கத் தொடங்கினார்கள். எடை குறைந்ததும் பள்ளிப் பிள்ளைகளும் பெண்களும் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடலுக்கு வந்தார்கள். 1957இல் ஃபிரெடரிக் கோனர் தன் மகள் மாலிபு கடற்கரையில் பழகிய கதைகளைக் கேட்டு ‘கிட்ஜெட்’ நாவலை எழுதினார். 1959இல் அது படமாக வந்ததும் மாலிபுவில் கூட்டம் அலைமோதியது.

உடை பிறந்தது தேவையில்தான். பலகையில் மண்டியிட்டுத் துடுப்புப்போடும்போது மெழுகு பூசிய மேற்பரப்பு தொடையை உராயும். அதனால் அரைக்கால் சட்டை முழங்காலை எட்டும்படி நீண்டது. குப்புறப் படுத்தால் ஜிப் வயிற்றில் குத்தும் என்பதால் முன்பக்கம் கயிறு வந்தது. மெழுகுக்கட்டி வைக்கப் பின்னால் ஒரு சின்னப் பை. உப்புநீரில் பிரியாதபடி இரட்டைத் தையல். கலிபோர்னியாவின் சர்ஃப்சைடு ஊரில் படகு மூடும் துணி தைத்துவந்த கேட்டின் தம்பதியர் அதே முரட்டுக் கான்வாஸில் பையன்களுக்கு இந்தக் கால்சட்டையைத் தைத்துக் கொடுத்தார்கள். பின்னாளில் உலகம் முழுக்க விற்ற ‘போர்டு ஷார்ட்ஸ்’ இப்படித் தையல் மேசையிலிருந்து வந்ததே.

குளிர்ந்த காலையில் மேலே போட்டுக்கொள்ள பெண்டில்டன் நிறுவனத்தின் கட்டம்போட்ட கம்பளிச் சட்டை இருந்தது. அந்தச் சட்டையின் பெயரையொட்டித் தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்ட ஓர் இசைக்குழுதான் 1961இல் ‘பீச் பாய்ஸ்’ ஆனது. அலையைப் பாடியே புகழ்பெற்ற அந்தக் குழுவில் அலையேறப் பழகியவர் டென்னிஸ் வில்சன் ஒருவரே. இந்தப் பண்பாட்டின் இயல்பு அதிலேயே தெரிகிறது. பலகையே தொடாத பையன்களும் வெயிலில் வெளுத்ததுபோல் தெரிய, தலைமுடிக்கு மருந்து போட்டு வெளுத்துக்கொண்டார்கள்.

அதே ஆண்டுகளில் அமெரிக்க இளைஞரின் கோடைச் சட்டைகளிலும் அரைக்கால் சட்டைகளிலும் ‘மெட்ராஸ்’ கட்டம் பரவியது. கல்லூரி வளாகத்திலும் கடற்கரையிலும் அதுவே உடுப்பு. சென்னையைச் சுற்றிய தறிகளில் நெய்த இந்தப் பருத்தித் துணி அதற்கு முன்பே நூற்றாண்டுக் கணக்கில் கைக்குட்டைத் துணியாக மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்தது. நைஜர் ஆற்றுக் கழிமுகத்தின் களபாரி மக்கள் பிறப்பிலும் சாவிலும் அதையே முறைத்துணியாகப் பயன்படுத்தினார்கள். அமெரிக்காவில் அதற்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது 1958இல் நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு வியாபாரம். வில்லியம் ஜேக்கப்சன் என்ற இறக்குமதியாளர், பின்னாளில் லீலா ஹோட்டல்களை நிறுவிய கேப்டன் கிருஷ்ணன் நாயரிடம் துணி வாங்கினார். தாவரச் சாயம் என்பதால் குளிர்ந்த நீரில் தனியாக அலச வேண்டும் என்ற எச்சரிக்கை வாங்கியவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. துவைத்ததும் சாயம் போனது, புகார்கள் குவிந்தன. விற்றவர்கள் அதையே விளம்பரமாக்கி, சாயம் ஓடி ஒன்றோடொன்று கலப்பதே அசல் மெட்ராஸின் அடையாளம் என்றார்கள். ‘சாயம் வெளுத்துவிட்டது’ என்றால் நம் பேச்சில் குட்டு உடைந்தது என்று பொருள். அங்கே அது விலையை ஏற்றியது. நெய்த கைகளின் பெயர் எந்தச் சட்டைப் பட்டையிலும் இல்லை. எனக்கு அது பெரிய குறையாகவே படுகிறது.

அப்போது தமிழ் இளைஞருக்கும் புதுப் பாணி வந்திருந்தது. 1964இல் வெளியான ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’ படத்தில் காலோடு ஒட்டிய பேண்டும் ட்விஸ்ட் ஆட்டமும் உண்டு. ஆனால் நகரத்து இளைஞருக்குக் கடல் காற்று வாங்கும் இடமாகவே இருந்தது. இறங்கியவர்கள் மீனவர்கள்.

அவர்கள் வெகுகாலமாகவே அலையேறியவர்கள். சென்னையில் துறைமுகம் கட்டப்படும்வரை கப்பல்கள் தொலைவிலேயே நங்கூரமிட்டன. நடுவில் உடையும் அலைவரிசையைத் தாண்ட ஆங்கிலேயரின் படகுகளால் முடியவில்லை. கயிற்றால் தைத்த மசூலா படகும் கட்டுமரமும்தான் போய்வந்தன. கட்டுமரக்காரர் கப்பலுக்கான கடிதங்களைக் கூம்புத் தொப்பிக்குள் செருகி, நனையாமல் கொண்டுசேர்த்தார். திரும்பும்போது பின்னால் எழும் அலைக்காகக் காத்து, சரியான நொடியில் துடுப்பை வலித்து, அதன் தோளிலேயே கரையேறுவார். அந்தத் திறமைக்கு ஹவாய்த் திறமையின் மதிப்பைத் தருவதே முறை.

எல்லாக் கரையிலும் இப்படி அலையேற வாய்க்காது. புதுக்கோட்டை மாவட்டத்துக்கும் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் என்று கடற்கரை உண்டு. ஆனால் அங்குள்ள பாக் நீரிணை ஆழமற்றது. இந்தியப் பெருங்கடலின் நீண்ட அலைகளை இலங்கைத் தீவு மறைத்துவிடுகிறது. அதே தீவின் கிழக்கே, பொத்துவிலை அடுத்த அறுகம்பேயில் பெருங்கடல் அலை நேராக முனையில் மோதி வரிசையாக உடைகிறது. 1970களிலேயே வெளிநாட்டு இளைஞர் பலகையோடு அங்கே வந்து தங்கினார்கள்.

இந்தியாவில் அலைச்சறுக்கு நிலைபெற்றது 2004இல், கர்நாடகத்தின் முல்கியில். ‘சர்ஃபிங் சுவாமி’ எனப்படும் ஜாக் ஹெப்னர் அங்கே பயிற்சியிடம் தொடங்கினார். தமிழகத்தில் சென்னைக்குத் தெற்கே கோவளம். அந்த ஊர் மீனவரான மூர்த்தி மேகவன் தானாகப் பழகி, 2012இல் ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்க முன்னின்றார். மறு ஆண்டு கோவளத்தில் அலைச்சறுக்கு விழா நடந்தது. மாமல்லபுரத்தில் 2023இல் பன்னாட்டுப் போட்டியும் 2025 ஆகஸ்டில் ஆசியப் போட்டியும் நடந்தன. ஆசியப் போட்டியில் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார்.

கோவளத்தில் இன்று பலகை பிடித்துச் சொல்லிக்கொடுப்பவர்களில் பலர் கட்டுமரக் குடும்பங்களின் பிள்ளைகள். கட்டுமரத்தின் இடத்தைப் பெரும்பாலும் ஃபைபர் படகு எடுத்துக்கொண்டது.