பன்மொழி ஆள்களப்பெயர்கள்

இணையத்தில் ஒரு தளத்தின் பெயரைக் கொடுத்து அதற்குரிய எண் முகவரியைக் கேட்டறியும் ஏற்பாட்டை, லத்தீன் அல்லாத எழுத்துகளுக்கும் உரியதாக்கும் முறை பன்மொழி ஆள்களப்பெயர் முறை எனப்படும். 1983இல் பால் மொக்காபெட்ரிஸ் வகுத்த மூல அமைப்பில், பெயர்ப்பதிவுக்கு ஏற்கப்பட்டவை ஆங்கிலத்தின் 26 எழுத்துகளும் பத்து இலக்கங்களும் சிறுகோடுமே. பெயரின் ஒவ்வொரு கூறும் 63 பைட்டுகளுக்கு மேற்படலாகாது.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் டான் டின் வீ குழுவினர் 1998இல் முன்னோடிச் சோதனைகளை நடத்தினர். எனினும், உலகெங்கும் இயங்கிவந்த வழங்கிகள் அனைத்தையும் திருத்தியமைப்பது அசாத்தியமாதலால், 2003இல் வெளியான விதிகள் அவற்றைத் தொடாமலே விட்டு, சுமை முழுவதையும் பயனர் பக்கத்து மென்பொருளின் தலையில் ஏற்றின. ‘சிங்கப்பூர்’ என்று உள்ளிட்டால், உலாவியானது அதன் 11 யூனிக்கோடு குறிகளை, ஆடம் காஸ்டெல்லோ இயற்றிய பியூனிகோடு என்னும் உபாயத்தால், லத்தீன் எழுத்தும் இலக்கமும் விரவிய 18 குறிகளாக மாற்றி, எக்ஸ், என், இரு சிறுகோடுகள் ஆகியவற்றை முன்னே சேர்த்து, வழக்கமான வினாவாகவே அனுப்புகிறது. விடையளிக்கும் வழங்கிக்குத் தமிழென்று ஒரு மொழி உண்டென்பதே தெரியாது! அழகற்ற உபாயந்தான்; ஆயினும் பழைய அமைப்பைக் குலைக்காமல் காரியத்தை முடித்தது.

2007 அக்டோபரில், ஆள்களப்பெயர் அமைப்பை ஒருங்கிணைக்கும் ஐகான் நிறுவனம் அதன் மூலப்பட்டியலில் சேர்த்த 11 சோதனைப் பெயர்களுள் தமிழின் ‘பரிட்சை’யும் ஒன்று. 2010 மே மாதம் எகிப்து, சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய நாடுகளின் அரபுப் பெயர்கள் நடைமுறைக்கு வந்தன. இலங்கை, இந்தியா, சிங்கப்பூர் ஆகியவற்றின் தமிழ்ப் பெயர்களும் பின்னர் இடம்பெற்றன.

எழுத்து மாற்றத்தினும் கடினமானது தோற்ற மயக்கம். சிரிலிக் எழுத்தின் ‘அ’கரமும் லத்தீன் ‘ஏ’யும் கண்ணுக்கு ஒன்றாயினும் கணினிக்கு வெவ்வேறாதலால், புகழ்பெற்ற தளங்களின் பெயரைப் போலியாகப் பதிந்து ஏமாற்ற வழி பிறந்தது. அவ்விரு எழுத்துகளும் ஒரே கூறில் கலந்துவரின், உலாவிகள் பொதுவாகப் பியூனிகோடு வடிவத்தையே காட்டி எச்சரிக்கின்றன. தமிழுக்கு இந்தக் காவல் போதாது. ‘ஔ’ என்னும் தனியெழுத்தும், ‘ஒ’வை அடுத்து ‘ள’வை இட்டெழுதியதும் ஏறக்குறைய ஒரே தோற்றத்தன; ‘ஸ்ரீ’யோ, ஸகரத்தால் ஆனாலும் ஶகரத்தால் ஆனாலும் பல எழுத்துருக்களில் அணுவளவும் வேறுபடுவதில்லை. ஒரே எழுத்து முறைக்குள் நேரும் இவ்வகை மயக்கத்தைக் கலப்பு நோக்கும் உலாவி கண்டுகொள்ளாது. ஒரு வடிவம் பதிவானதும் மற்றதைப் பிறர்க்கு வழங்காமல் பதிவகமே தடுத்தாக வேண்டும்.