நல்லதங்காள் ராத்திரி

சித்திரப் படம் குழந்தைகளுக்கானது என்பது நம்மிடையே விவாதத்துக்கு வராமலே முடிவாகிப்போன விஷயங்களில் ஒன்று. ரேயைப் பற்றியும் பெர்க்மனைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். வரைந்த உருவம் எழுந்து நடப்பதைப் பற்றி, அது பார்ப்பவனை என்ன செய்கிறது என்பதைப் பற்றி, நான் உட்பட யாரும் உட்கார்ந்து யோசித்ததாகத் தெரியவில்லை. சென்ற சாரலின்போது குற்றாலத்தில் கூடியிருந்த நண்பர்களில் ஒருவர், நல்ல கவிஞர், 'கார்ட்டூனைப் பார்த்து ஒருவன் பயப்படுகிறான் என்றால் அவனுக்கு இன்னும் வயது வரவில்லை என்று அர்த்தம்' என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் சிரிப்பு பொய். இரண்டு நாள் முன்னால்தான், பேத்தி பார்த்துக்கொண்டிருந்த ஒரு சித்திரப் படத்தை நடுவில் நிறுத்திவிட்டு வராந்தாவுக்குப் போய் வெகுநேரம் மழையைப் பார்த்தபடி நின்றிருந்தேன்.

படம் ஜப்பானியப் படம். இஸாவோ தகஹாதா எடுத்த 'மின்மினிகளின் கல்லறை'. 1988-ல் வந்தது. அகியுகி நொஸாகா 1967-ல் எழுதிய கதை. 1945-ல் பட்டினியால் தன் தங்கையைப் பறிகொடுத்தவர் அவர். குண்டுவீச்சில் தாயை இழந்த அண்ணனும் சின்னஞ்சிறு தங்கையும் உறவுக்காரப் பெண் ஒருத்தியின் வீட்டில் தஞ்சம் புகுகிறார்கள். அவள் அவர்களுடைய தாயின் பட்டாடைகளை விற்று அரிசி வாங்குகிறாள். பிறகு அந்த அரிசிச் சோறே அவர்களுக்குக் குறைந்துகொண்டு வருகிறது. தங்கை சாகிறாள், அவள் எலும்புகள் மிட்டாய் டப்பாவில் போய்ச் சேருகின்றன. ஜப்பானில் இந்தப் படத்தை 'என் பக்கத்துவீட்டு டொடோரோ' என்ற குதூகலமான படத்தோடு ஒரே டிக்கெட்டில், குடும்பத்தோடு பார்ப்பதற்காக வெளியிட்டார்கள் என்பது தனியாக ஒரு விசித்திரம்.

நான் படத்தை நிறுத்தியது தங்கை சாகும் இடத்தில் அல்ல. அந்த உறவுக்காரி கஞ்சியை அகப்பையால் கலக்கி, தன் வீட்டார் கிண்ணங்களில் அடியிலிருந்தும் இந்தப் பிள்ளைகளின் கிண்ணத்தில் மேலிருந்தும் ஊற்றும் இடத்தில். பேத்திக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை. 'ஏன் தாத்தா நிறுத்தினே?' என்றாள். அவளுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. எனக்குத் தெரிந்த பதில் அறுபது வருஷத்துக்கு முன்னால் தென்காசியில் இருக்கிறது.

அதற்குப் போகும் முன் ஒரு சரித்திரக் குறிப்பு. இன்று நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய முழுநீளச் சித்திரப் படம் டிஸ்னியுடையது அல்ல. லோத்தே ரைனிகர் என்ற ஜெர்மானியப் பெண் 1926-ல் முடித்த 'இளவரசன் அக்மத்'தான் அது. கறுப்பு அட்டையைக் கத்தரித்து, மூட்டுகளைக் கோத்து, கீழிருந்து ஒளி பாய்ச்சி, ஒவ்வொரு அசைவாகப் படம் பிடித்தாள். அதாவது சித்திரப் படத்தின் தொடக்கத்திலேயே நிழல் பாவை இருக்கிறது. ஆகவே நான் பாவைக்கூத்தைப் பற்றிப் பேசுவது விஷயத்தை விட்டு விலகுவது ஆகாது.

குற்றாலம் சித்திர சபைக்குப் போனவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். ஐந்து சபைகளில் இங்கே மட்டும் நடராஜர் சித்திரம், சுவரில் தீட்டிய உருவம். பகலில் பார்த்தால் அது ஓவியம்தான். பட்டர் தீபத்தை உயர்த்திக் காட்டும்போது, சுடர் நடுங்கும் அந்த ஒரு கணத்தில், தூக்கிய திருவடி அசைந்ததுபோல் ஒரு பிரமை. கூத்துக்காரர்கள் செய்தது அந்தத் தீபத்தைச் சித்திரத்துக்குப் பின்னால் கொண்டுபோனதுதான்.

தென் மாவட்டங்களில் தோல்பாவைக்கூத்து நடத்தியவர்கள் வீட்டில் மராத்தி பேசும் கணிகர்கள். அவர்களில் மண்டிகர் என்ற பிரிவினர். மு. இராமசாமியும் அ.கா. பெருமாளும் இவர்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள். ஆட்டுத் தோலைப் பதப்படுத்தி, உருவம் வரைந்து வெட்டி, நகைக்கும் கண்ணுக்கும் துளைகள் இட்டு, சாயம் ஏற்றுவார்கள். வெள்ளை வேட்டித் திரைக்குப் பின்னால் ஒரே ஒரு ஆள். எல்லாப் பாவைகளையும் அவர்தான் ஆட்டுவார், எல்லாக் குரல்களும் அவருடையவைதான். ராமனும் அவரே, சூர்ப்பநகையும் அவரே, இடையிடையே வந்து கூத்தடிக்கும் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் அவரே. மனைவியும் பிள்ளைகளும் ஆர்மோனியத்துக்கும் மிருதங்கத்துக்கும் பாவை எடுத்துக் கொடுப்பதற்கும். ஒரு ஊரில் பத்து நாள் பந்தல் போட்டால் பெரும்பாலும் ராமாயணம். கூட்டம் குறைந்தால், அல்லது ஊரில் பெண்கள் கேட்டால், ஒரு ராத்திரி நல்லதங்காள்.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். 'பெரிய எழுத்து' புஸ்தகமாகச் சந்தைகளில் விற்றது, நாடகமாக நடந்தது, சினிமாவாகவும் வந்தது. மானாமதுரையில் பஞ்சம். நல்லதங்காள் ஏழு பிள்ளைகளோடு அண்ணன் நல்லதம்பியின் ஊரான அர்ச்சுனாபுரத்துக்கு வருகிறாள். வத்திராயிருப்புப் பக்கம் இருக்கும் அந்த ஊரில் இன்றும் அவளுக்குக் கோயில் உண்டு. அண்ணன் வீட்டில் இல்லை. அண்ணி மூளி அலங்காரி புழுத்த கேழ்வரகும் ஓட்டைப் பானையும் பச்சை விறகும் கொடுக்கிறாள். நல்லதங்காள் பிள்ளைகளை ஒவ்வொன்றாகக் கிணற்றில் போட்டுவிட்டுத் தானும் விழுகிறாள். மூத்த மகன் மட்டும் கையிலிருந்து தப்பி ஓடுகிறான். ஆடு மேய்க்கிறவர்கள் அவனைப் பிடித்துக்கொண்டு வந்து தாயிடம் ஒப்படைக்கிறார்கள்.

இந்தக் கடைசி விஷயத்தை யாரும் நின்று பார்ப்பதில்லை என்று எனக்கு ஒரு குறை உண்டு. மூளி அலங்காரி கெட்டவள். அது கதைக்கு வேண்டியிருக்கிறது. ஆட்டிடையர்கள் நல்லவர்கள். அழுதுகொண்டு ஓடும் ஒரு பையனைப் பிடித்து அம்மாவிடம் கொண்டுவந்து விடுவது யாரும் செய்யக்கூடிய நல்ல காரியம். கொடுமையை முடித்துவைப்பது அந்த நல்ல காரியம்தான். ராட்சசனைப் பார்த்துப் பயப்படும் வயசில் இது பிடிபடாது.

1964-ல் எனக்கு ஒன்பது வயசு. அப்பா இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அம்மாவும் நாங்கள் நாலு பேரும் தென்காசியில் மாமா வீட்டில் இருந்தோம். மாமா மரக்கடையில் கணக்கு எழுதினார். அவருக்கும் மூன்று பிள்ளைகள். அரிசித் தட்டுப்பாடு ஆரம்பித்துவிட்ட சமயம். அரங்குவீட்டுச் சாவி அத்தையின் இடுப்பில் இருக்கும். சாயங்காலம் அவள்தான் உள்ளே போய் உழக்கால் அளந்து எடுத்து வருவாள். அத்தையை ஒரு குறை சொல்ல முடியாது. எங்கள் இலையில் குறைத்து அவள் பிள்ளைகளுக்கு அதிகம் வைத்ததை நான் பார்த்ததில்லை. ஆனால் அவள் அளக்கும்போது அம்மா அந்தப் பக்கம் பார்க்கமாட்டாள். கொல்லையில் ஏதாவது வேலை அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வரும்.

இலஞ்சி போகிற ரோட்டில் அறுப்பு முடிந்த வயலில் கூத்துப் பந்தல். அங்கிருந்து பார்த்தால் காசி விஸ்வநாதர் கோயில் இருட்டில் தலையில்லாமல் தெரியும். இப்போது இருக்கும் கோபுரம் அன்று இல்லை. 1990-ல்தான் அது எழுந்து நின்றது. ஆறேழு நாள் ராமாயணம் பார்த்தோம். கும்பகர்ணன் திரையை அடைத்துக்கொண்டு எழுந்தபோது என் கடைசித் தங்கை அலறினாள். அம்மாவும் அத்தையும் சிரித்தார்கள். பிறகு நல்லதங்காள் ராத்திரி வந்தது.

நடந்து வரும் காட்சியில் ஏழு பிள்ளைகளும் ஒரே தோலில் வரிசையாக இருந்தார்கள். கிணற்றடியில் தனித்தனிச் சிறு பாவைகள். கூத்துக்காரர் ஒவ்வொன்றாகத் தூக்கி, திரையின் அடிக்குக் கொண்டுபோய், விட்டார். தண்ணீர்ச் சத்தம் ஒன்றும் கிடையாது. காய்ந்த தோல் தரையில் விழும் 'பொத்' என்ற சத்தம் மட்டும். முன்வரிசையில் இருந்த பிள்ளைகள் நாங்கள் எண்ணினோம். 'ஒண்ணு... ரெண்டு... மூணு...' உற்சாகமாக, வாய்ப்பாடு சொல்வதுபோல. நாலாவதற்கு நான் திரும்பி அம்மாவைப் பார்த்தேன். அவள் திரையைப் பார்க்கவில்லை, எங்களை, எண்ணிக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தாள்.

திரும்பி வரும்போது யாரும் பேசவில்லை. மறுநாள் காலை அத்தை இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அம்மாவிடம் நீட்டினாள்.

'இது ஒங்ககிட்டயே இருக்கட்டும் மதினி.'

'எதுக்குத் தாயி, ஒன் வீடு' என்றாள் அம்மா.

'இல்ல மதினி. நீங்களே அளங்க.'

அம்மா வாங்கிக்கொள்ளவில்லை. அத்தை அதைச் சுவரில் ஆணி அடித்து மாட்டினாள். அதற்குப் பிறகு அந்தச் சாவி யார் இடுப்புக்கும் போகவில்லை.

அவள் எதற்குப் பயந்தாள் என்று பல வருஷம் யோசித்திருக்கிறேன். அம்மா கேட்டுவிடுவாள் என்றா, ஊர் சொல்லிவிடும் என்றா? அதெல்லாம் இரண்டாம்பட்சம். 1955-ல் ஜி. வரலட்சுமி நடித்த 'நல்லதங்காள்' சினிமா இருக்கிறது. சினிமாவில் கொடுமை செய்யும் அண்ணி ஒரு நடிகை. அரிதாரத்தைக் கலைத்துவிட்டு வீட்டுக்குப் போவாள், காபி குடிப்பாள். அடுத்த படத்தில் நல்லவளாக வருவாள். பார்க்கிறவளுக்கு அது ஒரு ஆறுதல். பழியைச் சுமக்க நம்மைத் தவிர இன்னொரு மனுஷி அங்கே இருக்கிறாள். பாவைக்குப் போக வீடு கிடையாது. மூளி அலங்காரி என்ற தோலுக்கு மூளி அலங்காரியாக இருப்பதைத் தவிர வேறு ஜீவிதமே இல்லை. முகமும் ஒரு கீறல்தான். யாருடைய ஜாடையும் இல்லாத முகம். அந்தக் காலி இடத்தில் அத்தை தன் முகத்தைப் பார்த்துவிட்டாள். அம்மா பார்த்தது எதை என்று இங்கே எழுத எனக்கு மனமில்லை. எங்கள் வீட்டுக் கொல்லையிலும் கிணறு இருந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

யாருடைய ஜாடையும் இல்லாத முகம் என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. சித்திரப் படத்தில் பெரியவர்களுக்கு ஏற்படும் கூச்சத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் மஸஹிரோ மோரி 1970-ல் எழுதிய சிறு கட்டுரையைக் காட்டுவார்கள். மனித உருவத்தை நெருங்க நெருங்க பொம்மை நமக்குப் பிடித்துக்கொண்டே வரும், மிக நெருங்கியதும் சட்டென்று அருவருப்பு தட்டும் என்பது அவர் சொன்னது. நம்மிடம் உதாரணம் உண்டு. 2014-ல் வந்த 'கோச்சடையான்'. 2009-ல் இறந்துபோன நாகேஷை அதில் கணினியால் எழுப்பி நடமாடவிட்டார்கள். குடும்பத்தோடு பார்க்கிற படம்தான். எனக்கு வயிற்றைப் புரட்டியது. ஆனால் அது பிணத்தின் முன்னால் ஏற்படும் பயம். தியேட்டரை விட்டு வெளியே வந்ததும் போய்விட்டது. இதே மோரி தம் கட்டுரையில் ஜப்பானியப் புன்ராகு பாவையை அருவருப்பின் பள்ளத்தில் வைக்கவில்லை, அதற்கு அந்தப் பக்கத்து மேட்டில் வைக்கிறார். கிட்டத்தில் மனிதனைப் போலவே இல்லாத அந்த மரப்பாவை, ஆட்டம் தொடங்கியதும் நம்மை முழுக்க இழுத்துக்கொள்கிறது என்கிறார். அவரை மேற்கோள் காட்டுகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அத்தையின் பயம் அந்த மேட்டிலிருந்து வந்தது.

டிஸ்னியின் 'ஸ்னோ ஒயிட்' 1937-ல் வந்தது. மறுவருஷம் பிரிட்டிஷ் தணிக்கைக் குழு அதற்கு 'ஏ' சான்றிதழ் கொடுத்தது. பதினாறு வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் பெரியவர் ஒருவருடன்தான் வரவேண்டும். காட்டில் மரங்கள் கையை நீட்டிப் பிடிக்கும், ராணி கிழவியாக மாறுவாள், குழந்தை மிரண்டுபோகும் என்று கவலை. பக்கத்தில் உட்காரும் பெரியவருக்கு யார் துணை என்று எந்தத் தணிக்கைக் குழுவும் யோசித்ததாகத் தெரியவில்லை. ஒரு அழகான பெண் கண்ணாடி முன்னால் நின்று தனக்கு வயசாகிவிட்டதா என்று தினமும் கேட்கிறாள். அரங்கிலிருந்த தாய்மார்களுக்கு மரங்களா பயம் கொடுத்திருக்கும்?

கஞ்சியை மேலிருந்து ஊற்றுகிற அந்த ஜப்பானியப் பெண்ணுக்கும் முகம் நாலைந்து கோடுதான். சத்தம் போட மாட்டாள், அடிக்க மாட்டாள். யுத்த காலத்தில் தன் வீட்டாருக்குச் சோறு போடவேண்டிய பொறுப்பு அவளுக்கு இருக்கிறது. அவள் சொல்கிற நியாயங்கள் எல்லாம் நியாயங்கள்தான். மூளி அலங்காரி அளவுக்குக்கூட அவளைக் கெட்டவளாக்கி நமக்கு உதவவில்லை தகஹாதா. அர்ச்சுனாபுரத்துக் கதை அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. அண்ணன், தங்கை, பசி, சோற்றை அளக்கிற பெண் என்று பஞ்சம் எங்கும் இதே பாத்திரங்களைத்தான் எழுப்பும்போலிருக்கிறது.

கவிஞர் நண்பரிடம் இதையெல்லாம் அன்று சொல்லவில்லை. அவர் அருவிக்குப் போகத் துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அந்த வயலில் அதற்குப் பிறகும் நாலைந்து வருஷம் கூத்து வந்தது. ராமாயணத்துக்கு அத்தை ஒரு நாள் தவறமாட்டாள். உளுவத்தலையன் வந்தால் அவள் சிரிப்புத்தான் முதலில் கேட்கும். நல்லதங்காள் ராத்திரி மட்டும் வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று இருந்துவிடுவாள். நாங்கள் திரும்பி வரும்போது விளக்கில்லாமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பாள். மிருதங்கச் சத்தம் எங்கள் தெருவரைக்கும் கேட்கும்.