கரையில் குவிந்த துணி

ஆடையைக் குறிக்கும் தமிழ்ச் சொற்களுள் இரண்டு, வெட்டுதல் என்னும் பொருளில் வேர்கொண்டவை. துணிக்கப்படுவது துணி, அறுக்கப்படுவது அறுவை. சங்கப் புலவர் இளவேட்டனார் மதுரையில் அறுவை வாணிகம் செய்தவர். தறியிலிருந்து அறுத்தெடுக்கும்போது துணி பிறக்கிறது எனில், அது கழிவாவது எப்போது? கிழியும்போது என்பது எளிய விடை. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை வேறொரு விடையைத் தந்தது.

அவ்வாண்டு டிசம்பர் 26 அன்று காலை, இந்திய நிலப்பகுதிகளுள் நிக்கோபார் தீவுகளையே அலை முதலில் தாக்கியது. அவற்றுள் ஒன்றான கட்சால் பேரழிவுக்குள்ளானது. நிக்கோபாரியப் பழங்குடியினரோடு, 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கைக்குப் பின் இலங்கையிலிருந்து வந்து ரப்பர் தோட்டத்தில் பணிபுரிந்த தமிழரும் வாழ்ந்த தீவு அது. 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஐயாயிரத்தைக் கடந்திருந்த அதன் மக்கள்தொகை, 2011இல் மூவாயிரத்துக்கும் கீழே இறங்கியது. அதே அலை அன்று காலையிலேயே நாகப்பட்டினக் கரையை அடைந்தது. அம்மாவட்டத்தில் மட்டும் ஏறத்தாழ ஆறாயிரம் பேர் மாண்டனர்.

அலையைத் தொடர்ந்து வந்தது துணி. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் பழந்துணிகள் லாரிகளில் தமிழகக் கடற்கரைக்கு வந்து சேர்ந்தன. மீனவர் பலர் அவற்றைத் தொட மறுத்தனர். முதல்நாள் வரை கடலில் உழைத்து உண்டவர்களுக்குப் பிறர் உடுத்திக் கழித்தவை இழிவாகவே தோன்றின. கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்னும் பழமொழி தன் கந்தையைப் பற்றியது. ஊரார் கந்தையைப் பற்றியதன்று. ஏற்பாரின்றித் துணிகள் சாலையோரங்களில் மலைபோல் குவிந்தன.

1999இல் தில்லியில் அன்ஷு குப்தா நிறுவிய கூஞ்ச் அமைப்பு அக்குவியல்களைக் கையேற்றது. அதன் முதற்பணி தரம் பிரித்தல். உடுத்தத் தக்கவை, தேவையுள்ள வேறிடங்களுக்குரியவை. நைந்த பருத்தித் துணி, தூய்மை செய்யப்பட்டு மாதவிடாய்த் துணியாக மாறத் தக்கது. இவ்வழியில் தொடர்ந்து உழைத்த குப்தாவுக்கு 2015இல் மகசேசே விருது கிடைத்தது.

ஆரோவில்லைச் சேர்ந்த உபாசனா வடிவமைப்பகம் வேறொரு வழியைக் கண்டது. உமா பிரஜாபதியின் முயற்சியால், உற்றாரை இழந்த மீனவப் பெண்கள் தையற்கூடங்களில் எஞ்சிய துண்டுத் துணிகளைக் கொண்டு 'சுனாமிகா' என்னும் சிறு பொம்மையைச் செய்தனர். பெண்களுக்குக் கூலி உண்டு. பொம்மைக்கு விலை இல்லை. அது அன்பளிப்பாகவே கைமாறி, நன்கொடையால் நிலைத்தது. கரையில் மறுக்கப்பட்ட துணியும் கொடை, இப்பொம்மையும் கொடை. ஆனால் இங்கே கொடுப்பவர்கள் மீனவப் பெண்கள்.

இன்று திருப்பூரில் பனியன் வெட்டுத்துண்டுகள் மீண்டும் பஞ்சாகி நூலாகின்றன. அங்கும் எந்திரத்துக்கு முன்னே துண்டுகளை நிறவாரியாகப் பிரிக்கும் கைகள் இருக்கின்றன. பிரித்த நிறமே நூலுக்கு அமைவதால் மறுசாயம் பெரிதும் மிச்சமாகிறது. நாகைக் கரையில் குவிந்தவற்றுள் கிழியாதவையும் இருந்தன. பெறுபவர் யார், அவருக்கு எது தேவை என்று பாராமல் அனுப்பப்பட்டதால் அவை கழிவாயின.