தினமும் காலையில் ‘கேஸ் மாத்திரை’ போடுறீங்களா? எத்தனை நாள் போடலாம், எப்படி நிறுத்தணும்?

காலையில் எழுந்ததும் வெறும் வயித்துல ஒரு பேன்டோபிரசோல். பல வீடுகளில் இது பல் விளக்குவது போன்ற வழக்கமாகிவிட்டது. என்றைக்கோ நெஞ்செரிச்சலுக்காக டாக்டர் எழுதிக் கொடுத்திருப்பார். அதன்பிறகு காலி அட்டையைக் காட்டி மெடிக்கல் ஷாப்பில் வாங்கியே ஒரு வருஷம் ஓடியிருக்கும்.

இது நல்ல மருந்துதான். ஆனால், சாதாரண நெஞ்செரிச்சலுக்கு இது சில வாரங்கள் மட்டும் போட வேண்டிய மருந்து. இந்தியச் சட்டப்படி டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கவும் கூடாது. எப்படிப் போடணும், எப்போ நிறுத்தணும், யார் நிறுத்தவே கூடாது? பார்ப்போம்.

மாத்திரை உள்ளே போய் என்ன செய்யுது?

இரைப்பைச் சுவரில் இருக்கும் சில செல்கள், நுண்ணிய ‘பம்ப்’கள் வழியாக அமிலத்தை வெளியே தள்ளுகின்றன. ஒமிபிரசோல், பேன்டோபிரசோல், ரபிபிரசோல், எசோமிபிரசோல் என ‘பிரசோல்’ என்று முடியும் இந்த மருந்துகள் அந்தப் பம்ப்பை அடைத்துவிடும். இவற்றுக்கு ‘புரோட்டான் பம்ப் தடுப்பான்கள்’ என்று பெயர். சுருக்கமாக பி.பி.ஐ.

மருந்து சில மணி நேரத்தில் ரத்தத்திலிருந்து போய்விடும். ஆனால், அடைபட்ட பம்ப் மறுபடி வேலை செய்யாது, உடல் புதிய பம்ப்பை உருவாக்க வேண்டும். அதனால்தான் பெரும்பாலும் ஒரு நாளைக்கு ஒரு மாத்திரை போதும் என்கிறார்கள். முழுப் பலன் தெரிய மூன்று, நான்கு நாள் ஆகலாம். எரியும்போது குடிக்கிற ஆன்டாசிட் சிரப் மாதிரி உடனே கேட்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?

முன்னாடி. காலை உணவுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு. நாம் சாப்பிடும்போதுதான் நிறைய பம்ப்கள் வேலை செய்யத் தொடங்கும். அந்த நேரத்தில் மருந்து ரத்தத்தில் இருந்தால்தான் அவற்றைப் பிடிக்கும். டிபனுக்குப் பிறகு போட்டாலோ, மாத்திரையைப் போட்டுவிட்டு மதியம் வரை பட்டினி கிடந்தாலோ பலன் குறையும்.

மாத்திரையைக் கடிக்கவோ, உடைக்கவோ, பொடிக்கவோ வேண்டாம். இரைப்பை அமிலத்தில் மருந்து கெட்டுப்போகாமல் இருக்கத்தான் மேல்பூச்சு இருக்கிறது. ஒரு நாள் மறந்துவிட்டால் மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது.

எத்தனை நாள் போடலாம்?

அது காரணத்தைப் பொறுத்தது.

* நெஞ்செரிச்சல், புளிச்ச ஏப்பம், எதுக்களித்தல்: பொதுவாக 4 முதல் 8 வாரம்.

* ‘ஹெலிகோபாக்டர் பைலோரி’ கிருமியால் வந்த அல்சர்: ஆன்டிபயாடிக்குகளோடு சேர்த்து, பெரும்பாலும் 14 நாள். அல்சருக்கு இந்தக் கிருமியும் காரணம் என்று கண்டறிந்த பேரி மார்ஷல், ராபின் வாரன் இருவருக்கும் 2005-ல் நோபல் பரிசு கிடைத்தது. கிருமி இருக்கும்போது வெறும் கேஸ் மாத்திரை மட்டும் போட்டால், எரிச்சல் அடங்கும், கிருமி அப்படியே இருக்கும்.

* ஆஸ்பிரின், மூட்டுவலி மாத்திரை எடுப்பவர்களில் ரத்தக்கசிவு அபாயம் உள்ளவர்கள்: அந்த மருந்துகள் தொடரும் வரை.

* அல்சரில் ரத்தம் கசிந்தவர்கள், உணவுக்குழாயில் கடுமையான புண் உள்ளவர்கள், ‘பேரட்’ பாதிப்பு உள்ளவர்கள்: நீண்ட காலம் தேவைப்படலாம். இவர்கள் தாங்களாகவே நிறுத்தக் கூடாது.

வருஷக்கணக்கா போட்டா ஆபத்தா?

நீண்ட காலம் எடுப்பவர்களில் சிலருக்கு வைட்டமின் பி12, மக்னீசியம் குறையலாம். மக்னீசியம் குறைவு பற்றி அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2011-ல் எச்சரித்தது. எலும்பு முறிவு, குடல் தொற்று ஆகியவற்றோடும் தொடர்பு பேசப்படுகிறது. அரிதாகச் சிறுநீரகத்தில் அழற்சி வரலாம்.

அதற்காகப் பதற வேண்டியதில்லை. 17,000-க்கும் மேற்பட்ட இதய, ரத்தக்குழாய் நோயாளிகளிடம் சுமார் 3 ஆண்டுகள் பேன்டோபிரசோலைச் சோதித்த ஆய்வு 2019-ல் வெளியானது. அதில் போலி மாத்திரை எடுத்தவர்களைவிட இவர்களுக்குத் தெளிவாகக் கூடியிருந்தது குடல் தொற்று மட்டும்தான். ஆக, தேவை இருப்பவர்கள் பயந்து நிறுத்த வேண்டாம். தேவையே இல்லாமல் போடுபவர்களுக்கு மட்டும் அந்தச் சின்ன அபாயமும் வீண்.

திடீர்னு நிறுத்தினா ஏன் முன்னைவிட எரியுது?

“நிறுத்திப் பார்த்தேன், தாங்க முடியல, அதான் திரும்பப் போடுறேன்” என்று பலர் சொல்வார்கள். நோய் திரும்பிவிட்டது என்று அர்த்தமில்லை. பல வாரம் அடக்கி வைத்த அமிலம், மருந்தை நிறுத்தியதும் கொஞ்ச நாளைக்கு வழக்கத்தைவிட அதிகமாகச் சுரக்கும். டென்மார்க்கில் நெஞ்செரிச்சலே இல்லாத 120 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2009-ல் வெளியானது. 8 வாரம் எசோமிபிரசோல் எடுத்து நிறுத்தியவர்களில் 44 சதவீதம் பேருக்கு அமிலத் தொல்லை வந்தது. போலி மாத்திரை எடுத்தவர்களில் அது 15 சதவீதம்தான்.

எனவே டாக்டரிடம் கேட்டு, டோஸைப் பாதியாக்கி, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் எனக் குறைக்கலாம். இடையில் எரிந்தால் ஆன்டாசிட் சிரப் எடுக்கலாம். ராத்திரி சாப்பிட்டு இரண்டு, மூன்று மணி நேரம் கழித்துப் படுப்பது, தலைமாட்டை உயர்த்துவது, தொப்பையைக் குறைப்பது, சிகரெட்டை விடுவது எல்லாமே கைகொடுக்கும்.

வேற மாத்திரையும் சாப்பிடுறீங்களா?

இதயத்துக்குக் குளோபிடோகிரல் எடுப்பவர்கள் ஒமிபிரசோல், எசோமிபிரசோலைத் தவிர்க்க வேண்டும், டாக்டர் வேறு மருந்து தருவார். தைராய்டு மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை உடலில் சேர்வதும் குறையலாம்.

இன்னொன்று, அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பெயருக்குப் பின்னால் ‘டி’ அல்லது ‘டி.எஸ்.ஆர்.’ என்று இருந்தால், பெரும்பாலும் அதில் வாந்தியைக் கட்டுப்படுத்தும் டாம்பெரிடோனும் இருக்கிறது. சிலருக்கு அது இதயத் துடிப்பின் சீரைக் கெடுக்கலாம். பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம் என ஐரோப்பிய மருந்து முகமை 2014-ல் பரிந்துரைத்தது. மாசக்கணக்கில் போடுபவர்கள் டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள்.

இதை ‘கேஸ்’னு விட்டுடாதீங்க

நெஞ்சு அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, வியர்வை, மூச்சுத்திணறல் இருந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். மாத்திரை போட்டுக் காத்திருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள். ரத்த வாந்தி, தார் மாதிரி கறுப்பாக மலம் போவது என்றாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். விழுங்கச் சிரமம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை இருந்தால் எண்டோஸ்கோப்பி தேவைப்படலாம். மாத்திரையால் எரிச்சல் அடங்கிவிட்டால் புற்றுநோய் போன்ற காரணம் வெளியே தெரியாமல் போகவும் வாய்ப்புண்டு.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது அந்த அட்டையையும் எடுத்துட்டுப் போங்க. மூணே கேள்வி: இது எனக்கு எதுக்கு? எத்தனை நாளைக்கு? எப்படிக் குறைச்சு நிறுத்தணும்?