பெயரில் மிஞ்சிய ஓரெழுத்து

சிட்னியில் எச்.எஸ்.சி. கணிதத்தில் எக்ஸ்டென்ஷன் 2 எடுக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், பெற்றோரும் ஒருமுறை பன்னிரண்டாம் வகுப்பை எட்டிப் பார்க்க வேண்டிவரும். சென்ற மாதம் என் மகள் ஒரு கணக்கோடு வந்தாள். மெய்யெண் கெழுக்கள் கொண்ட ஒரு முப்படிப் பல்லுறுப்புக்கோவை. அதன் மூலங்களில் இரண்டு, 2-உம் 1 + 3√−1-உம். கோவையைக் கட்ட வேண்டும்.

"மூணாவது ரூட்டைக் கொடுக்கவே இல்லையேப்பா?"

கொடுக்கத் தேவையில்லை. கெழுக்கள் மெய்யெண்களாக இருந்தால், கலப்பெண் மூலம் தனியாக வராது. தன் இணையான 1 − 3√−1-ஐயும் கூட்டிக்கொண்டுதான் வரும். மாறியை 'க' என்று கொள்வோம். இணைகளின் கூட்டல் 2, பெருக்கல் 10. ஆகவே அவை இரண்டும் சேர்ந்து க² − 2க + 10. அதை (க − 2)-ஆல் பெருக்கினால் க³ − 4க² + 14க − 20. √−1 எங்கே போனது என்றே தெரியாது.

அவள் எழுந்து போகுமுன், எனக்குப் பிடித்த இன்னொரு கோவையைக் காட்டினேன்: க³ − க − 1. இதன் ஒரே மெய் மூலம் ஏறத்தாழ 1.3247. மற்ற இரண்டும் இணைக் கலப்பெண்கள். ஒவ்வொன்றின் மட்டும் ஏறத்தாழ 0.8688, அதாவது ஒன்றுக்குக் கீழே. கெழுக்கள் முழு எண்கள், முதல் கெழு 1 என்பதால், மூன்று மூலங்களையும் ஒரே படிக்கு உயர்த்திக் கூட்டினால் எப்போதும் முழு எண்ணே வரும். முப்பதாம் படியில் அது 4610. இதற்குள் கலப்பெண் இரண்டின் பங்கு 0.03-ஐத் தாண்டாது. எனவே 1.3247... என்ற அந்த மூலத்தை முப்பது முறை பெருக்கினாலே 4610-ஐ ஒட்டி வந்து நிற்கும். படி ஏற ஏற இடைவெளி தேய்ந்துகொண்டே போகும். ஆனால் ஒருபோதும் முற்றிலும் மறையாது.

இப்படி, ஒன்றைவிடப் பெரிய ஒரு மெய் மூலமும், மற்ற மூலங்களெல்லாம் மட்டில் ஒன்றுக்குக் குறைவாகவும் அமையும்போது, அந்தப் பெரிய மூலத்தைப் பிசோ–விஜயராகவன் எண் என்பார்கள். பொன் விகிதமான 1.618...-உம் இவ்வகையே. இவற்றில் மிகச் சிறியது 1.3247... என்று 1944-இல் ஸீகல் நிறுவினார். அணுக்கள் ஒழுங்காக அடுங்கியும் ஒரே பாங்கு திரும்ப வராத குவாசி படிகங்களின் கணிதத்திலும் இந்த எண்கள் வருகின்றன.

இவற்றை 1912-இல் தூவேயும் 1919-இல் ஹார்டியும் தொட்டிருந்தார்கள். பிரெஞ்சுக்காரரான ஷார்ல் பிசோ 1938-இல் தம் ஆய்வேட்டில் விரித்தார். டி. விஜயராகவன் 1940களில், ஓர் எண்ணின் படிகளில் எஞ்சும் பின்னப் பகுதிகளைப் பற்றிய தம் கட்டுரைகளில் ஆராய்ந்தார்.

1902-இல் பிறந்த விஜயராகவன், ஆக்ஸ்ஃபோர்டில் ஹார்டியிடம் ஆய்வு செய்தவர். அலிகரில் ஆந்த்ரே வெய்லுடன் பணியாற்றி நண்பரானார். பின்னர் டாக்கா பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். அழகப்பச் செட்டியார் 1950-இல் சென்னையில் நிறுவிய ராமானுஜன் கணித நிறுவனத்தின் முதல் இயக்குநரும் அவரே. 1955-இல் ஐம்பத்திரண்டு வயதில் காலமானார்.

பெயரின் முன்னால் நிற்கும் 'டி' திருக்கண்ணபுரம்; நாகப்பட்டினம் பக்கத்து ஊர். ஊர் ஓரெழுத்தாகச் சுருங்குவது நம் வழக்கந்தான். பிறகு கட்டுரைகளில் அவை 'பி.வி. எண்கள்' ஆயின, இப்போது ஆளின் பெயரும் ஓரெழுத்து. இன்று பல நூல்களில் வெறும் 'பிசோ எண்கள்'. அந்த ஓரெழுத்தும் போயிற்று. இதில் சதி எதுவும் இல்லை. நீளமான பெயர், அவசரமான வாய், அவ்வளவுதான்.

குறை சொல்ல எனக்கும் தகுதியில்லை. இங்கே முதுகலை படிக்க வந்தபோது விண்ணப்பக் கட்டத்தில் குழப்பம் வேண்டாமென்று என் ஊரெழுத்தை நானே விட்டுவிட்டேன். அப்பாவின் பெயர் குடும்பப் பெயராயிற்று. மகளுக்கும் அதுவே. அவளுடைய எந்தச் சான்றிதழிலும் எங்கள் ஊர் இல்லை.

இதை அவளிடம் சொன்னேன். கணக்குத் தாளின் ஓரத்தில் 'டி. விஜயராகவன்' என்று தமிழில் எழுத்துக் கூட்டி எழுதினாள். பிறகு நிமிர்ந்து கேட்டாள்: "நம்ம லெட்டர் என்னப்பா?"