வேலைக்காரி வந்த வருஷமும் கல்வராயன் ஜாகீரும்

1949-ல் ஜூபிடர் எடுத்த 'வேலைக்காரி'யைப் பற்றிப் பேசினா, அண்ணாவின் வசனமும் கே.ஆர். ராமசாமி காளியிடம் கொதிக்கிற காட்சியும்தான் வரும். எனக்கு அது ஒரு பணக்கார வீட்டுப் படம். வேதாசல முதலியார் கடனுக்கு நெருக்கியதில் சுந்தரம் பிள்ளை தூக்குப் போட்டுக்கொள்கிறார். மகன் ஆனந்தன் வேறொரு பணக்காரன் பெயரில் அந்த வீட்டுக்கே மருமகனாகப் போய், உள்ளிருந்தபடியே முதலியாரின் மானத்தை வாங்குகிறான். முதலியார் மகனோ வேலைக்காரி அமிர்தத்தை விரும்புகிறான்.

பிரிட்டனிலும் இப்படி ஒன்று உண்டு. ப்ரீஸ்ட்லியின் 'ஆன் இன்ஸ்பெக்டர் கால்ஸ்' 1954-ல் படமானது. ஆலை முதலாளி பிர்லிங் வீட்டுக்கு ஓர் இன்ஸ்பெக்டர் வந்து, செத்துப்போன ஏழைப் பெண்ணுக்கு அந்தக் குடும்பத்தில் ஒவ்வொருத்தரும் என்ன செய்தார்கள் என்று கேட்கிறார். ரெண்டுமே முதலில் மேடை நாடகங்கள். அங்கே கேட்க வந்தவர் கேட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறார். இங்கே சம்பந்தம் பண்ணினால்தான் பழி தீருது. நம்ம ஊர் ஆச்சே!

படம் வருவதற்கு முந்தின வருஷம், 1948-ல், சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்திருந்தது. கொட்டகையில் உட்கார்ந்தவர்களுக்குப் பெரிய வீடு சரிவது வெறும் கற்பனையாகத் தெரிந்திருக்காது.

ஆனால் கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கல்வராயன் மலையில் பெரிய வீடுகள் சரியவில்லை. சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்று மூன்று ஜாகீர்கள். கிருஷ்ணதேவராயர் கொடுத்தது என்பது அங்கே வழிவழியாகச் சொல்லும் கதை. இனாம் நிலங்களுக்கான ஒழிப்புச் சட்டம் 1963-ல் வந்தது. ஜாகீர்கள் அரசு கைக்கு முழுசாக வந்தது 1976-ல்தான். 'வேலைக்காரி' வந்து 27 வருஷம்!

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. ஜாகீர்தார்களும் மலையாளிகள், குடிகளும் மலையாளிகள். (கேரளக்காரர்கள் இல்லை, மலைவாழ் பழங்குடி மக்கள். காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து வந்ததாகச் சொல்லிக்கொள்வார்கள்.) அதனால் அண்ணா நம்பிய ஆயுதம், அதாவது சாதி தாண்டுகிற கல்யாணம், அங்கே செல்லாது. எஜமானும் சொந்த சனம். மீதியிருப்பது நிலம் மட்டும்தான்: அது யார் பெயரில் இருக்கு என்ற கேள்வி.

ஜாகீர் போன பிறகும் அந்தக் கேள்வி போகலை, எதிரில் நிற்பது மட்டும் மாறியது. ஜாகீர்தார் இருந்த இடத்தில் இப்போது வனத்துறை. 2024 ஜூன் கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு, மலைமக்களின் நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்காக எடுத்தது. சாலை, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாம் அப்போதுதான் வரிசையாகப் பேச்சுக்கு வந்தது.