ஹஜ் குலுக்கல்: நம் பெயர் வர வாய்ப்பு எவ்வளவு?

அண்ணாகிராமம், பண்ருட்டி, நெல்லிக்குப்பம் பக்கத்தில் ஹஜ் கமிட்டிக்கு விண்ணப்பித்த குடும்பங்களில் ஒரு பேச்சு அடிக்கடி கேட்கும்: "மூணு வருஷமா வரல, இந்த முறை கட்டாயம் வரும்." பெயர் வர துஆ செய்யலாம். ஆனால் கணக்கு அப்படிச் சொல்லவில்லை.

இந்திய ஹஜ் கமிட்டி, முஸ்லிம் மக்கள்தொகையை வைத்து ஒவ்வொரு மாநிலத்துக்கும் இடங்களைப் பிரிக்கிறது. விண்ணப்பங்கள் அதைவிட அதிகமானால் 'குர்ரா' என்னும் கணினிக் குலுக்கல். ஓர் உதாரணம் (எண்கள் கற்பனை): 10,000 பேர், 4,000 இடங்கள். வாய்ப்பு 40 சதவீதம் என்று தோன்றும். ஆனால் முன்னுரிமைப் பிரிவினர் முதலில் எடுக்கப்படுவார்கள். 2025 ஹஜ் முதல் 65 வயது நிறைந்தவர்களும் உடன் செல்லும் துணையும் இதில் அடக்கம். அவர்கள் 1,000 பேர் என்றால், மீதி 9,000 பேருக்கு 3,000 இடங்கள். அதாவது மூன்றில் ஒன்று.

மூன்றில் ஒன்று என்றால் மூன்றாம் வருடம் உறுதி என்று பொருளல்ல. ஒரு வருடம் வராமல் போக வாய்ப்பு 2/3. மூன்று வருடமும் வராமல் போக 2/3 × 2/3 × 2/3 = 8/27, சுமார் 30 சதவீதம். பத்துப் பேரில் மூன்று பேருக்கு மூன்று வருடமும் ஏமாற்றம்தான். முன்னுரிமை ஏதும் இல்லாவிட்டால், நான்காம் வருடமும் அவர்களுக்கு அதே மூன்றில் ஒன்று. குலுக்கலுக்குப் பழைய கணக்கு தெரியாது. முன்பு தொடர்ந்து நான்காம் முறை விண்ணப்பித்தவர்களுக்கு நேரடித் தேர்வு இருந்தது. 2018 முதல் அது இல்லை. பெரியவர்கள் இன்னும் அந்த நினைப்பில் இருக்கிறார்கள்.

கணவன், மனைவி ஒரே கவரில் விண்ணப்பித்தால் இருவருக்கும் சேர்ந்தே வரும், அல்லது சேர்ந்தே வராது: மூன்றில் ஒன்று. தனித்தனிக் கவர் போட்டால் யாராவது ஒருவருக்காவது வர 5/9 வாய்ப்பு உண்டு. ஆனால் இருவருக்கும் வர 1/9 தான். சேர்ந்து போக நினைப்பவர்களுக்குத் தனிக் கவர் நஷ்டம்.

"பணம் கொடுங்கள், குலுக்கலில் பெயர் வரவைக்கிறேன், வராவிட்டால் திருப்பித் தருகிறேன்" என்பவர்களும் உண்டு. முப்பது பேரிடம் தலா 10,000 வாங்கினால், அவர் ஒன்றுமே செய்யாமல் சுமார் பத்துப் பேருக்குப் பெயர் வந்துவிடும். இருபது பேருக்கு நாணயமாகத் திருப்பிக் கொடுத்தாலும் அவர் கையில் ஒரு லட்சம் நிற்கும். பெயர் வந்த பத்துப் பேரும் அடுத்த வருடம் அவருக்கே சாட்சி சொல்வார்கள்!

சீட்டுக் குலுக்கிப் போடுவது சூதாட்டமாகாதா என்று சிலர் கேட்பதுண்டு. சூதில் ஒருவர் பணம் இன்னொருவருக்குப் போகிறது. இங்கே அப்படி யாரும் எதையும் பந்தயம் கட்டுவதில்லை. மர்யம் (அலை) அவர்களின் பொறுப்பை ஏற்க எழுதுகோல்களைப் போட்டுப் பார்த்ததைக் குர்ஆன் (3:44) சொல்கிறது. பயணத்தில் யாரை அழைத்துச் செல்வது என்று நபி (ஸல்) அவர்கள் தம் மனைவியரிடையே சீட்டுக் குலுக்கியது புகாரியில் பதிவாகியுள்ளது.

காத்திருப்போர் பட்டியலில் வந்தவர்களுக்கு மட்டும் வேறு கணக்கு. மறு குலுக்கல் கிடையாது. மற்றவர்கள் ரத்து செய்யச் செய்ய, வரிசை எண்படி அழைப்பார்கள். சென்ற வருடம் எந்த எண் வரை அழைத்தார்கள் என்று மாநில ஹஜ் கமிட்டியில் கேட்டுக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டைத் தயாராக வைத்திருங்கள்.